கரண்டு இல்லாத ஞாயிறுகள்

ஜூன் 28, வியாழன்

"ஒரு ராத்திரி வெளிய படுத்து எந்திரிச்சு வந்தா எம்பட புள்ளைக்கு என்னங்க டீச்சர் ஆகப்போவுது?"

திங்கட்கிழமை தெய்வாத்தாளின் அம்மா மாராத்தாள் கேட்டது. மூன்று நாளாகிவிட்டது. பதில் தெரியவில்லை. எம்.ஏ., பி.டி., இருபத்திரண்டு வருட உத்தியோகம், பெட்டிக்குள் சாரணியர் பயிற்சிச் சான்றிதழ். தெரியவில்லை.

காற்று. மேசை முழுக்கப் புழுதி. மேற்கே மேகம் கட்டுகிறது, கலைந்து போகிறது.

மாராத்தாள் சண்டைக்குக் கேட்கவில்லை. "தண்ணிக்குப் போறா, வெறகுக்குப் போறா. வேக்காட்டுக்கு நாங்க வாசல்லதானுங்க படுக்கறம். வெளியதானே கெடக்கறா?" நியாயம். சாரணியர் கைடு புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. அது வீட்டுக்குள் பொம்மை வைத்து விளையாடும் பிள்ளைகளை வெளியே இழுத்து வர எழுதியது.

கடைசியில் சம்மதச் சீட்டில் கட்டைவிரல் வைத்தாள். "உங்க மொகத்துக்காவ" என்றாள். அது இன்னும் கஷ்டமாயிருந்தது.

முகாம்: ஜூலை 8 ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பள்ளி வாசலில் கூடுவது. மங்கலம் பஸ். ஊர் தாண்டி ஆற்றோரத் தோப்பு. ஒரு ராத்திரி. திங்கள் காலை நேரே வகுப்பு. பதினாறு பெண்கள். சீட்டு வந்தது பதினொன்று.

ஜூன் 30, சனி

காலையில் பல்வலி. கிராம்பு.

பதினாறு பேர் என்று எழுதும்போதே கூச்சம். என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. மார்ச் வரை ஐந்து பேர். ஐந்து பேரும் பாங்கு, தபால் ஆபீஸ் வீட்டுப் பெண்கள். மற்றவர்கள் நாலரை மணிக்கு மணியடித்ததும் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்க ஓடிவிடுவார்கள். டெய்லர் தைக்குமுன் துணியின் ஓரத்தை மடித்துக் கொடுக்கும் வேலை. ராத்திரி ஒன்பது வரை. ஞாயிறு முழு நாள்.

ஏப்ரலில் மலை அணைகளில் தண்ணீர் வற்றி மின்வெட்டு வந்தது. கம்பெனிகளுக்குச் சாயங்காலம் கரண்டு இல்லை. இந்தப் பக்கத்துக்கு ஞாயிறு முழுக்க இல்லை. வேலையில்லாத பெண்கள் மைதானத்துக்கு வந்து நின்றார்கள். "சும்மா பாக்கலாமுன்னு வந்தமுங்க." அப்படித்தான் பதினாறு.

தலைமையாசிரியை ஆண்டறிக்கையில் "ஆசிரியையின் அயராத முயற்சியால்" என்று எழுதியிருக்கிறார். அதை அடித்துவிடச் சொல்லவில்லை நான்.

ஜூலை 1, ஞாயிறு

முகாமுக்கு ஒத்திகை. ஆற்றங்கரை வரை நடை. பதினான்கு பேர் வந்தார்கள். வெயில் இல்லை, காற்று மட்டும்.

ஏப்ரலில் இவர்கள் எப்படிப் பேசினார்கள் என்று இன்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் நிற்பவளிடம் கத்துவார்கள். மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. முதல் வாரம் எனக்குத் தலைவலியே வந்தது. இன்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது இரண்டு பேர் என்னவோ ரகசியம் பேசினார்கள். உண்மையான ரகசியம். எனக்குக் காதில் விழவில்லை.

இதை மாராத்தாளிடம் சொல்லியிருக்கலாமோ. "எம்பட புள்ள மெதுவாப் பேசறதுக்கா தோப்புக்குப் போவணும்?" என்பாள்.

கை மட்டும் மாறவில்லை. உட்கார்ந்தால் கழுத்துத் துணியின் ஓரத்தை மடித்து மடித்து நீவுகிறார்கள். தெய்வாத்தாள் பூவரச இலையைக்கூட.

அணியில் இன்னொருத்தி ஜமீலா, அவள் அப்பா தெய்வாத்தாள் மடிக்கும் கம்பெனியில் டெய்லர். அவளுக்கு வாய் அதிகம். தெய்வாத்தாளை அணித்தலைவியாக்கியதிலிருந்து அவளைக் கேலிக்குப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க லீடரம்மிணி, தோப்புல பேய் வந்தா என்ன முடிச்சுப் போடோணும்?"

"உம்பட வாய்க்குத்தான் முதல்ல ஒரு முடிச்சு."

"போடு. ஆனா ஸ்பெசல் முடிச்சாப் போடு, பேட்ஜு வாங்கோணும்."

தெ. சிரித்து முதன்முறையாகப் பார்த்தேன். பதின்மூன்று வயது. முன்பல் ஒன்று உடைந்திருக்கிறது. இரண்டு வருடமாக என் வகுப்பு. இன்றுதான் தெரிகிறது.

ஜூலை 3, செவ்வாய்

ஆசிரியர் அறையில் பேப்பரைச் சத்தமாகப் படித்தார்கள். நீலகிரியில் மழை. அணை மட்டம் ஏறுகிறது. கணக்கு டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் தம்பி கம்பெனி வைத்திருக்கிறார்.

இங்கே ஒரு சொட்டு இல்லை.

இன்னும் ஐந்து நாள் பெய்யாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு, நான் நினைத்தது என்னவென்று உறைத்தது. ஏப்ரலிலிருந்து பாதிக் கூலி வாங்கும் ஊர். மாராத்தாள் வீட்டில் ராத்திரி உலை வைப்பதில்லை என்று தெ. சொல்லாமலே எனக்குத் தெரியும். மழை வேண்டாமென்று இந்த ஊரில் நினைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் எதற்கு? ஒரு தோப்பில் பதினாறு ஜமுக்காளம் விரிக்க.

வாங்க வேண்டியது: ரவை, கடுகு, தீப்பெட்டி 1 (இரண்டு குச்சியில் அடுப்புப் பற்ற வைக்கவேண்டும் என்பது விதி), டார்ச்சுக்குப் பாட்டரிக்கட்டை, சணல் கயிறு, காயத்துக்கு டிங்சர். பெரிய பாத்திரம் பள்ளிச் சமையல்கார அம்மாவிடம் இரவல்.

சீட்டு பதினான்கு.

ஜூலை 5, வியாழன்

சரித்திர வகுப்பு முடிந்து தெ. பின்னாலேயே வந்தாள். படியிறங்கினோம். பிறகு:

"டீச்சருங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள கரண்டு வந்துருங்களா?"

"தெரியலை. ஏன்?"

"மேஸ்திரி அம்மாகிட்டச் சொல்லிப்போட்டாருங்க. முழுக் கரண்டு வந்தா ரெண்டு ஷிப்டு. அரை நாளு வாற புள்ளைங்க வேண்டாமாம். வந்தா முழுசா வரோணும். இல்லீன்னா வேற ஆளு பாத்துக்குவாராம்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"சரின்னுட்டாங்க."

பள்ளியை விடுகிறாள் என்று அர்த்தம். அதை அவள் சொல்லவில்லை. அவள் கேட்டது ஞாயிற்றுக்கிழமை பற்றி மட்டும்.

"கேம்ப் மட்டும் முன்னாடியே ஆயிருச்சுன்னா பரவால்லீங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. பள்ளிக்காக அழு, கேம்புக்காக என்ன என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பள்ளி அவளுக்கு எப்படியும் போய்விடும் ஒன்று. முகாம் மட்டும்தான் ஒருவேளை கிடைக்கலாம்.

சாயங்காலம் மாராத்தாளைப் பார்க்கப் போனேன். வீரபாண்டிப் பக்கம் கூலி வேலைக்குப் போயிருக்கிறாளாம். பக்கத்து வீட்டுக்காரி, "உக்காருங்க சாமி, காப்பித்தண்ணி குடிங்க" என்றாள். உட்காரவில்லை. அரை மணி நேரம் நின்றேன். வரவில்லை.

ஜூலை 6, வெள்ளி

மதிய இடைவேளையில் தெய்வாத்தாளின் கம்பெனிக்குப் போனேன். பதினொரு வருடம் இந்த ஊரில் இருக்கிறேன், ஒரு பனியன் கம்பெனிக்குள் கால் வைத்ததில்லை. நீளமான ஓட்டுக் கொட்டகை. ஜன்னல்கள் மேலே, எட்டாத உயரத்தில். மெஷின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நானும் கத்தினேன்.

மேஸ்திரி வெளியே அழைத்து வந்தார். நெம்ப மரியாதை. துண்டால் நாற்காலியைத் தட்டிப் போட்டார். தலைமயிரெல்லாம் பஞ்சு.

நான் கேட்டது இரண்டு. ஒன்று, தெய்வாத்தாள் பள்ளி முடிந்தபின் மட்டும் வரலாமா. இரண்டு, கரண்டு வந்தாலும் இந்த ஞாயிறு ஒன்று மட்டும் பெண்களை விடலாமா.

"ஏனுங்க டீச்சர், மூணு மாசமா ஆர்டரு அப்படியே நிக்குதுங்க. கல்கத்தாக்காரன் டெலிகிராமாக் குடுத்துத் தள்றான். கரண்டு வந்த முதல் ஞாயித்துக்கிழமை நான் புள்ளைங்கள தோப்புக்கு அனுப்புனா மொதலாளி என்னையச் சேத்துத் தோப்புக்கு அனுப்பிப்போடுவாரு."

"ஒரு நாள்தான்."

"எட்டு மணிக்கு வாசக் கேட்டு அடைப்பமுங்க. அதுக்குள்ள வந்தா வேல, இல்லீன்னா இல்ல. எம்பட புள்ளைக்கும் அதே ரூல்தான்." அவர் மகளும் அங்கேதான் மடிக்கிறாள். கைகாட்டினார். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வாசல் ஓரம் நின்றாள், அவளா என்று கேட்கவில்லை.

எழுந்தபோது சொன்னார்: "மழ பேஞ்சிருக்குது, சந்தோசப்படுங்க டீச்சர். ஊருக்கே சோறு."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் திரும்பி வரும் வழியெல்லாம் உறுத்தியது.

தெ. விஷயமாகத் தலைமையாசிரியையிடம் சொன்னேன். "வருஷத்துக்கு இருபது பேர் இப்படித்தானே படிப்பை நிறுத்துகிறார்கள், நீங்கள் ஏன் இப்போது வருகிறீர்கள்?" என்றார். பல்வலி குறைவு.

ஜூலை 7, சனி

இன்று பள்ளி அரை நாள். ரவை வாங்கிவிட்டேன், கயிறும். பாத்திரம் வந்துவிட்டது.

மாலை ஆறே கால் ரேடியோ. இன்று முதல் மின்வெட்டு ரத்து. முழுக் கரண்டு. தெருவில் விசில். எதிர்க் கம்பெனியில் எல்லா விளக்கையும் போட்டார்கள், இன்னும் இருட்டவேயில்லை. பொரிகடலையும் வெல்லமும் ஒரு பையன் வீடு வீடாகக் கொண்டுவந்தான். எடுத்துக்கொண்டேன்.

ஜமீலாவின் அப்பா சைக்கிளில் வந்து வாசலிலேயே நின்றார். "மன்னிச்சுக்கோங்கம்மா, ஜமீலா நாளைக்கு வரமுடியாதுங்க. எனக்கு அவதான் கைமடி. புதுப் பிள்ளைய வெச்சா கூலிக்கு டஜனே ஏறாதுங்க." பரவாயில்லை என்றேன். அவர் போகாமல் நின்றார். "நெம்ப ஆசையா இருந்தா." தெரியும் என்றேன்.

பிறகு இன்னும் மூன்று அப்பாக்கள், ஓர் அண்ணன். மாராத்தாள் வரவில்லை. வரத் தேவையில்லை என்று நினைத்திருப்பாள்.

ஆக, நாளை முகாம் இல்லை. பாங்கு வீட்டுப் பெண்களுக்கும் தபால் ஆபீஸ் பெண்களுக்கும் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டேன். தோப்புக்காரருக்குத் தகவல் சொல்ல வழியில்லை, அவர் புரிந்துகொள்வார். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் காலையில் பள்ளிக்குப் போகவேண்டும். ஐந்து மணிக்கே எழுந்து பழகியாயிற்று.

மாராத்தாள் கேட்ட கேள்விக்குப் பதில் இனி எனக்குத் தேவையில்லை. ஒரு சௌகரியம்.

ஜூலை 8, ஞாயிறு

காற்று, மூட்டம், மழை இல்லை.

ஐந்தேகாலுக்குப் பாத்திரத்தோடு போனேன், முகாமுக்கு வாங்கிய சாமான் இன்னும் அதற்குள்ளேயே. பள்ளிக் கேட்டில் ஏழு பேர். சீருடையில், கழுத்துத் துணியோடு. கையில் பாய், தட்டு, கம்பெனிக்குச் சோறு கொண்டுபோகும் தூக்குப்போசி. தெய்வாத்தாளும் ஜமீலாவும் முன்னால்.

"எட்டு மணிக்குள்ள கேம்ப முடிச்சிரலாங்களா டீச்சர்?" என்றாள் தெ.

ஜமீலா, "தோப்பு வேண்டாமுங்க, நம்ம கிரவுண்டே போதும். மரம் இருக்குதில்ல" என்றாள்.

வாட்ச்மேன் பொன்னுசாமியை எழுப்பித் திறக்கச் சொன்னேன். "ஞாயித்துக்கிழம வெடியால என்னங்கம்மா?" "முகாம்" என்றேன்.

கொடியேற்றினோம். காற்றுக்காகக் குழி தோண்டி அடுப்பு. முதல் குச்சி அணைந்தது, இரண்டாவதில் தெ. பற்ற வைத்தாள். விதிப்படியே. வழிக்குறி விளையாட்டுப் பத்து நிமிடம், ஓடியாடி. உப்புமா கட்டி தட்டியது. ரவையை நான் சரியாக வறுக்கவில்லை. சாப்பிட்டார்கள்.

ஆறே முக்கால். இனி என்ன என்று தெ. விரலை மடித்து எண்ணினாள்.

"வெளிய படுக்கறது ஒண்ணு பாக்கிங்க."

"அது ராத்திரிக்கு" என்றேன்.

"கணக்குக்கு ஒரு பத்து நிமிசம் படுத்துக்கறமுங்க. இல்லீன்னா கேம்ப்னு சொல்ல முடியாதில்லீங்க."

வேப்பமரத்தடியில் ஏழு பாய். வரிசையாகப் படுத்தார்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்கள், சிரிப்பு. "யாராச்சும் கொறட்ட விடுங்கடி, அப்பத்தான் நெசமா இருக்கும்" என்று ஜமீலா. மறுபடி சிரிப்பு. அப்புறம் சத்தமில்லை.

ஏழு மணிக்குப் பார்த்தேன். ஏழு பேரும் உண்மையாகவே தூங்கிவிட்டார்கள். நேற்று ராத்திரியே மெஷின் ஓட்டி, பதினொன்று வரை மடிக்க வைத்திருக்கிறார்கள். வரும்போது யாரும் சொல்லவில்லை. ஜமீலா தூக்கத்தில்தான் உளறினாள், "பதினொண்ணாச்சு, போதுமுங்க மேஸ்திரி" என்று. தெய்வாத்தாளின் வலது கை பாய் ஓரத்தில் கிடந்தது, மடிக்காமல்.

ஏழரைக்கு முதல் சங்கு. யாரும் அசையவில்லை. கம்பெனிக்குப் பதினைந்து நிமிட நடை. ஓடினால் பத்து.

எட்டு வரை தூங்க விட்டால் கேட் அடைத்துவிடுவார்கள். தெ. வேலைக்கு வேறு ஆள் வரும். அவள் பள்ளிக்கு வருவாளா? வரமாட்டாள். வேறு கம்பெனி, இதைவிடத் தூரமாக, கொஞ்சம் குறைந்த கூலிக்கு. வீட்டில் அடி. நின்றபடி இதையெல்லாம் யோசித்தேன். ஏழு நாற்பது ஆயிற்று.

எழுப்பினேன். ஒவ்வொருத்தியாக, பெயர் சொல்லி. தெய்வாத்தாள் கடைசி. தோளைத் தொட்டேன்.

"விடிஞ்சிருச்சுங்களா?" என்றாள்.

"விடிஞ்சிருச்சு" என்றேன்.

பாயைச் சுருட்டி மரத்தில் சாய்த்துவிட்டு, தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு ஓடினாள். மற்றவர்களும். கழுத்துத் துணியை யாரும் கழற்றவில்லை.

பொன்னுசாமி வாசலில் நின்று, "ஏழு அம்பத்தெட்டுக்குள்ள போயிருவாங்க, ஓடற ஓட்டம் அப்படி" என்றார். மீதி உப்புமாவை அவருக்குக் கொடுத்தேன். அடுப்பில் தண்ணீர் ஊற்றினேன்.