பத்துக்கு எத்தனை சந்தோஷம்

11-2-1958, செவ்வாய். காலை 6.40. கடும் பனி. இன்று மின் இணைப்புக் கொடுக்க வேண்டிய கிணற்று மோட்டார்கள்: மூன்று.

கறம்பக்குடிக்கு வந்து ஏழு மாதம். இந்த அறைக்கு இதுவரை வந்த விருந்தாளி: ஒரு பல்லி.

நேற்று வார இதழில் ஒரு கட்டுரை. மனிதனுக்கு மகிழ்ச்சி எதிலிருந்து வருகிறது என்று மனவியல்காரர்கள் ஆராய்கிறார்களாம். வாங்கிய பொருளின் சுகம் சீக்கிரம் பழகிப்போகும், கூடிப் பேசும் ஆட்களால் வருவதே நிலைக்கும் என்று முடிவு. வோல்ட் மீட்டர் வைத்தா அளந்தார்கள்? நானே சோதிக்கிறேன். தினமும் மாலை பத்துக்கு ஒரு மார்க். புது ரேடியோ இன்று வருகிறது.

மாலை. மூன்று மோட்டாரும் ஓடின. கடைசியாகப் போன கருப்பையா வீட்டில் இலை போட்டிருந்தார்கள். "சாப்பிட வரவில்லை, வேலைக்கு வந்தேன்" என்று கிளம்பிவிட்டேன். நேரம் மிச்சம். ரேடியோ பிரமாதம். 8.

12-2, புதன். கொசு. ரேடியோவில் நல்ல கச்சேரி. நல்ல கச்சேரி என்று சொல்ல ஆள் இல்லை. 5.

14-2, வெள்ளி. சட்டைப் பொத்தான் இரண்டு போச்சு. ரேடியோவை நிறுத்தினால் அறை முன்பைவிட மௌனம். 3. கட்டுரைக்காரன் சொன்னதில் பாதி சரி. கோயம்புத்தூருக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதிவிட்டேன். அங்கே தெரிந்தவர்கள் நாலு பேராவது உண்டு. நாளை தபால்.

15-2, சனி. வெயில். தபாலாபீஸ் போகும் வழியில் கருப்பையா எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூட வந்த லைன்மேன் முத்தையாவைக் கேட்டேன்.

"ஏன், மோட்டார் ஓடலையா அவருக்கு?"

"மோட்டார் நல்லா ஓடுதுங்க. நீங்கதான் நிக்காம ஓடிட்டீங்க."

"விளங்கும்படி சொல்லுங்க."

"மொதத் தண்ணி விட்டவுக அந்த வீட்டுல கை நனைக்கணுமுங்க. அவுக சம்சாரம் விடியக்கால எந்திரிச்சுக் கோழிக் கொழம்பு வச்சிருந்துச்சு. 'நம்ம வீட்டுல சாப்புட்டா அவரு சாதி கொறைஞ்சிருமோ'ன்னு அழுதுருச்சு."

"சாதியா? நான் மணியைத்தானே பார்த்தேன்!"

"அது ஒங்களுக்குத் தெரியும். போட்ட எலைக்குத் தெரியுமாங்க?"

ஏழு மாதமாக எல்லா வீட்டிலும் இதே 'வேலைக்கு வந்தேன்' பேச்சுத்தான் பேசியிருக்கிறேன்.

கொஞ்ச தூரம் போய் முத்தையா, வேறெங்கோ பார்த்தபடி: "பொங்கலுக்கு எங்க வீட்டுக்குக் கூப்புட்டப்பவும் அதத்தான் சொன்னீங்க."

எனக்கு ஞாபகமே இல்லை. அவர் கூப்பிட்டதும், நான் சொன்னதும்.

விண்ணப்பம் இன்னும் சட்டைப்பையில். இன்று மார்க் போடவில்லை.

இனி:

1. விண்ணப்பத்தை இப்போது அனுப்புவதில்லை.

2. நாளை கருப்பையா வீடு. மோட்டார் பார்க்க வந்தேன் என்று சாக்குச் சொல்லக் கூடாது. டூல் பை எடுக்கக் கூடாது.

3. முத்தையாவையும் கூட்டிப் போவது. அடுத்த ஞாயிறு அவர் வீடு. கூப்பிடாவிட்டாலும்.

4. விளக்கம் வேண்டாம், எனக்குப் பேச வராது. சோறு இருக்கிறதா என்று கேட்டால் போதும்.

5. காலையில் ஓட்டலில் எதுவும் சாப்பிடக் கூடாது. பசியோடு போவது.