வாயில் கீறல் இல்லாத மீன்

ஏழாயிரம்பண்ணை,
வைகாசி 3, சனிக்கிழமை.

அன்புள்ள மகன் முத்துப்பாண்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை மாரிசெல்வியும் சுகம். அங்கே நீ சுகம் என்று உன் வாயால் சொல்கிறாய், வழக்கமாக எனக்கு அது போதும், இந்தத் தடவை போதவில்லை. இந்தக் கட்டைப் பிரிக்கும்போது நீ எதிர்பார்த்தது இந்தக் காகிதம் இல்லை என்று தெரியும். கோபப்படாமல் உட்கார்ந்து கடைசி வரை வாசி. போனில் சொல்லலாம்தான். வேலை செய்கிற படகில் எல்லோரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறாய், நான் ஏதாவது கேட்டால் சிக்னல் போய்விடுகிறது. மூன்று வாரமாக அது சரியாக அந்த நேரத்தில்தான் போகிறது.

இங்கே வெயில் ஏறிக் கிடக்கிறது. பட்டாசுக் கம்பெனியில் பதினொரு மணிக்கே வேலையை நிறுத்தி எங்களை வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிடுகிறார்கள், சூட்டில் வெடிமருந்து என்ன செய்யுமோ என்று போர்மேனுக்கே பயம். மாரிசெல்வி சிவகாசி பிரஸ்ஸில் அடுத்த வருஷக் காலண்டர் படங்களை அடுக்குகிறாள், கடல் படம் வந்தால் அண்ணன் எங்கே நிற்கிறான் என்று தேடுவாளாம். நானும் தேடுகிறேன். நீ அனுப்புகிற படங்களில். டூரிஸ்ட்காரர் மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார், நீ பின்னால் நிற்கிறாய், வலது கை பேண்ட் பைக்குள் இருக்கிறது. நான்கு படத்திலும் பைக்குள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை உன்னோடு படகில் இருக்கும் சாத்தூர்ப் பையன் அழகுராஜா லீவில் வந்தவன் நீ கொடுத்ததாக ஒரு தெர்மாக்கோல் பெட்டி கொண்டுவந்தான். மூன்று பாரை மீன், ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, ஏ புள்ள, ஒம் மகன் கடலையே பார்சல் போட்டுட்டான், தெருவுக்கே கொளம்பு வையி என்றார். எனக்கு அவ்வளவு பெரிய மீனை வெட்டத் தெரியாது. எதிர்வீட்டுப் பொன்னுத்தங்கத்தைக் கூப்பிட்டேன், வேம்பாரில் கடலோரம் பிறந்தவள், மீன் விற்கிறவள். வயிற்றைக் கீறினாள், கையை நிறுத்தினாள், மதினி இது வெடி மீனு என்றாள். வெடி போடுகிற வீட்டுக்கு வந்த மீன் என்று கேலி பேசுகிறாள் என்று நினைத்து, எங்க வீட்ல மீனு மட்டுமா, வீட்டுக்காரரு கோவமும் வெடிதான் என்று நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சிரிக்காதீக மதினி, தூண்டில்ல மாட்டுன மீனுக்கு வாயில கீறல் இருக்கும், இதுல தடவிப் பாருங்க, தோலு பளபளன்னு இருக்கு, உள்ள முள்ளு நொறுங்கிக் கெடக்கு, தண்ணிக்குள்ள வெடி போட்டா இப்பிடித்தான் என்றாள். வலையில் பிடித்ததாக இருக்கும் என்றேன். வலை முள்ள ஒடைக்குமாக்கும் என்று கேட்டாள். மூன்று மீன் வாயையும் தடவிப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. நீ சொன்னது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வாடகைப் படகில் வருகிறவர்கள் விளையாட்டுக்குத்தான் மீன் பிடிப்பார்கள், படம் எடுத்துக்கொண்டு திரும்பக் கடலில் விட்டுவிடுவோம் என்றாய். அப்படியானால் பெட்டியில் வந்தது எந்த மீன்? வெயில் காலத்தில் தூண்டிலில் எதுவும் கடிக்கவில்லை, வந்தவர்கள் வெறும் கையோடு போனால் மறுபடி வரமாட்டார்கள் என்று முதலாளி கத்துகிறார் என்றாய். படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சிரிக்கிற மனிதரின் கையில் இருக்கிற மீனுக்குக் கண்ணில் ரத்தம் கட்டியிருக்கிறது. உயிரோடு வந்த மீன் மாதிரி இல்லை.

புதன்கிழமை அழகுராஜா மறுபடி வந்தான். காபியைக் குடித்துவிட்டு, அத்தை, தண்ணி பட்டாலும் அணையாத திரி ஒரு கட்டு வேணும், ஒங்ககிட்ட கேட்டா இல்லேங்க மாட்டீகன்னு பாண்டி சொன்னான் என்றான். எதுக்குலே என்றேன். கடல்ல மாட்டிக்கிட்டா வெளிச்சம் காட்டத்தான் என்று தரையைப் பார்த்தான். மாரிசெல்வி உள்ளேயிருந்து, ஒங்க படகுல லைட்டே இல்லையோ, பிரஸ்ஸுல பழைய பல்பு கெடக்கு, தரவா என்றாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வந்தது விமானத்தில், உங்கள் தீவுக்குத் திரும்பிப் போவது மட்டும் சென்னையிலிருந்து கப்பலில், மூன்று நாள். ஏன் என்று கேட்டேன். கடல் பார்த்துக்கொண்டே போகலாமாம். தினமும் கடலில் நிற்கிறவன் சொல்கிறான். விமானத்தில் பெட்டியைச் சோதிப்பார்கள் என்பது எனக்கும் தெரியும்.

இருபத்தொரு வருஷமாகத் திரி வெட்டுகிறேன். கம்பெனி கேட்டில் எங்களைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள், ஒரு விரல் நீளம்கூட நான் கொண்டுவந்ததில்லை. அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கச் சொன்னாயா, நீ சொல்லாமலே அவன் உன் பேரைச் சொன்னானா, அதுதான் எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் வலது கையில் மூன்று விரல்தான் என்பது உங்கள் எல்லோருக்கும் பழகிவிட்டது. அவர் சோற்றைப் பிசையும்போது நான் இன்னும் வேறு பக்கம் பார்க்கிறேன். நீ பிளஸ் டூ முடித்ததும் கம்பெனி வேனில் ஏறாதே, எவ்வளவு தூரமானாலும் போ என்று அனுப்பியது அதற்காகத்தான். தண்ணீரில் தீப்பிடிக்காது என்று நினைத்தேன். அப்பாவிடம் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீன் குழம்பு வைக்கவில்லை, கெட்டுப்போய்விட்டது என்றேன். மருந்து அறையில் வேலை செய்த மூக்கு அவருக்கு, நம்பினாரா தெரியாது.

அழகுராஜாவிடம் இல்லை என்று சொல்லியிருந்தால் வேறு வீட்டுக்குப் போயிருப்பான், இந்த ஊரில் கேட்டால் தருவதற்கு ஆள் இருக்கிறது. அதனால் சனிக்கிழமை வா என்றேன், இன்று வந்ததும் இந்தா திரி என்று ஒரு கட்டைக் கொடுப்பேன். அது பொய் இல்லை. உள்ளே இருப்பது சாமி விளக்குக்குப் போடுகிற பஞ்சுத் திரி, நானே உருட்டியது, அதைச் சுற்றித்தான் இந்தக் காகிதம். படகில் முன்பக்கம் சாமி படம் மாட்டியிருப்பதாகச் சொன்னாய், அங்கே ஏற்று. அழகுராஜா, வழியில் நீ பிரித்திருந்தால் உனக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன், உன் அம்மா முத்துமாரியம்மாளிடம் நான் இன்னும் போகவில்லை. பாண்டி, நீ இதில் இல்லையென்றால் அம்மா பாவி, உன் காலில் விழுகிறேன். இருந்தால் முதலாளியிடம் சம்பளத்துக்குக்கூட நிற்காதே, அடுத்த கப்பலில் ஏறு.

பத்திரகாளி உன் பக்கம் நிற்கட்டும், நல்ல புத்தியும் முழு உடம்புமாக நீ இருக்க வேண்டும். தலைக்கு நல்லெண்ணெய் வை, உப்புக்காற்று. வாசித்ததும் வீடியோவில் கூப்பிடு. முகத்தை அப்புறம் காட்டலாம். முதலில் இரண்டு கையையும் விரித்துக் காட்டு. பத்தும் எண்ணிய பிறகுதான் பேசுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சண்முகத்தாய்