அவள் எழுப்பினாள் என்று சொல்லுங்கள்

பெரியவளின் அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? சின்னவனுக்கு இருமல் நின்றுவிட்டது. பெரியவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரிக்கும்போது கையால் மறைத்துக்கொள்கிறாள். குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது. நீங்கள் வந்து பார்ப்பதாகச் சொன்னதால் ஆள் கூப்பிடாமல் இருந்தேன். நேற்றுக் கூப்பிட்டுவிட்டேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். நான் அழுவேன், நீங்கள் "சரி விடு, நேர்ல பேசிக்கலாம்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் படியுங்கள்.

சலவைக்கூடத்தில் மேற்பார்வை வேலை காலியானது உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் கிடைக்கும் என்று மடிப்பு மேசைப் பெண்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் மனக்கோட்டை கட்டிவிட்டேன். கடைசியில் இஸ்திரிப் பிரிவுக்காரியிடம் கொடுத்துவிட்டார்கள். இந்த மாதம் அவள் பார்க்கட்டும், பிறகு முடிவு செய்யலாமாம். ஏன் என்று மேனேஜரிடமே போய்க் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார், "உன் வேலைல குறை சொல்ல முடியாதும்மா. ஆனா வீட்டுக்காரரையே நேரத்துக்கு எழுப்பிவிட மறந்தவ நீ. அதை மறைக்கப் பொய் வேற சொன்ன. உன்ன நம்பி எப்படி ஒரு ஷிப்டைக் குடுக்கிறது?"

நான் எப்போது மறந்தேன் என்று கேட்டேன். அவரே எல்லாவற்றையும் சொன்னார்.

அந்தக் காலையை நினைத்துப் பாருங்கள். முந்தின நாள் சீட்டாடிவிட்டு வந்து படுத்தீர்கள். உலுக்கி எழுப்பினேன், தண்ணீர் தெளித்து எழுப்பினேன். கும்பகர்ணனை எழுப்பவாவது முரசும் ஆள்படையும் இருந்தன. எனக்கு இருந்தது என் இரண்டு கைகள்தான். "எழுந்துட்டேன், நீ கிளம்பு" என்று உட்கார்ந்துகூடக் காட்டினீர்கள். நம்பிக் கிளம்பினேன். நீங்கள் வந்து பாய்லரைப் பற்றவைத்தால்தான் எங்களுக்கு வெந்நீர். நீங்கள் வரவில்லை. ஆஸ்பத்திரி விரிப்புகள் மூட்டை மூட்டையாக அப்படியே கிடந்தன. அங்கிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் போன் போட்டுத் திட்டினார்கள். மேனேஜர் என்னிடம் வந்து கேட்டபோது, உங்களுக்கு நெருப்பாய்க் காய்ச்சல் என்றேன். அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

பிறகு தாமதமாக வந்த நீங்கள் நேராக அவர் அறைக்குள் போனீர்கள். உள்ளே, "எழுப்பச் சொல்லியிருந்தேன் சார், அவ மறந்துட்டா" என்றிருக்கிறீர்கள். வெளியே வந்த உங்களிடம், காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறேன் என்றேன். "அதனாலதான் தப்பிச்சேன்" என்றீர்கள். வேலை போகாமல் கிளை மாற்றலோடு முடிந்ததே, என் பொய்தான் உங்களைக் காப்பாற்றியது என்று இத்தனை மாதமும் பெருமைப்பட்டேன். மாற்றலாகி அந்த ஊருக்குக் கிளம்பும்போது, "உன்ன மாதிரி ஒருத்தி யாருக்குக் கிடைப்பா" என்று வேறு சொன்னீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நம் வீட்டில் அது எப்படிப் பொருந்திவிட்டது பாருங்கள்.

வேலை போய்விடுமே என்ற பயத்தில் சொல்லிவிட்டீர்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதற்குப் பிறகு எத்தனை நாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டீர்கள். ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். மாதம் முடிவதற்குள் மேனேஜரைப் போனில் கூப்பிட்டு, "அவ எழுப்பினா, நான்தான் திரும்பப் படுத்துட்டேன்" என்று சொல்லுங்கள். எனக்கு அந்த வேலை வேண்டும். வீம்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே வேண்டும். உங்களை இங்கே திருப்பி அழைப்பதா வேண்டாமா என்பதும் அவர் கையில்தான் இருக்கிறது. பொய் சொன்னது நீங்கள்தான் என்று தெரிந்தால் அவர் அழைக்க மாட்டார். அது தெரிந்துதான் கேட்கிறேன்.

அப்பா எப்போது வருவார் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். அங்கேயே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பெரியவளின் அம்மா