சாமி அறையில் ஃபக்ஸ் தாள்

4.6.96 செவ்வாய்

காலை மழை. கடல் இரைச்சல் வாசல்வரை. ஃபக்ஸ் மெஷின் வந்தது. மகள் சுமதியின் சம்பந்தத்துக்காகவே வாங்கினேன். முன்பு கடை ஃபக்ஸில் வந்த இரண்டு சாதகக் குறிப்புகளையும் கடைக்காரர் எங்களுக்கு முதலே வாசித்து, "ஐயா, மாப்பிள்ளைக்குச் செவ்வாய் இருக்கு" என்று வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

வீட்டு ஆட்களைப் பதிவதுபோல மெஷினையும் பொலிஸில் பதியவேண்டுமோ? தெரியவில்லை. ரசீதை, வீட்டு ஆட்கள் பதிவுத் துண்டோடு குத்தி வைத்தேன்.

கைநூல் ஆங்கிலம். இருமுறை வாசித்ததில் விளங்கியவை:

டயல் டோன் - லைன் உயிரோடு இருக்கிறது.
ஹேன்ட்ஷேக் - இரண்டு மெஷினும் கீச்சிட்டு ஒன்றையொன்று விசாரிப்பது. நம்மவர் "ஊரில எவடம்?" என்று தொடங்குவதுபோல.
ரெசொலூஷன் - எழுத்தின் தெளிவு. குறிப்புக்கு "ஃபைன்" வேண்டும். மெதுவாக வரும்.
ஓட்டோ ரிசீவ் - மணி அடித்தால் மெஷினே எடுக்கும். இதில் வைத்தேன். சரிதானோ.

புதன்

சரியில்லை. மனைவியின் தங்கை கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி, மூச்சு வாங்க வந்து நிற்கிறாள். "அத்தான், நாலு தரம் எடுத்தனான். உங்கட வீட்டில ஆரோ விசிலடிக்கினம். பொலிஸ் செக்கிங்கில உங்களைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்களோ எண்டு ஓடி வாறன்." எல்லோரும் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள். தேநீர், பணிஸ்.

மனுவலுக்கு மாற்றினேன். நாமே எடுத்து, கீச்சென்றால் ஸ்டார்ட் அமத்த வேண்டும்.

வியாழன்

டொரன்டோ மாப்பிள்ளை ரமணனின் குறிப்பு வந்தது. ஸ்டார்ட் என்று வேறு பொத்தானை அமத்திவிட்டேன்; இரண்டாம் தரம்தான் சரி. கட்டம் பன்னிரண்டும் தெளிவு. சுமதி திரும்பியும் பார்க்கவில்லை. "இது ஏழாவது குறிப்பு அப்பா. எனக்கு முப்பத்திரண்டு." ஞாயிறுக்குள் பதில் சொல்ல வேண்டும். அவர்களுக்கு வேறொரு இடமும் பேச்சில் இருக்கிறதாம். சாத்திரியார் நாளை பொருத்தம் பார்ப்பார்.

மனைவி வழக்கப்படி தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி அறையில் வைத்தாள்.

வெள்ளி

பெரிய பிழை. காலைப் பூசை முடிந்து மனைவி கற்பூரத் தட்டைத் தாளின் மேலேயே வைத்துவிட்டாள். தூக்கினால் தட்டளவு கறுப்பு வட்டம். குறிப்பு முழுக்க அதற்குள். தேர்மல் தாள்: மை இல்லை, சூட்டால்தான் எழுத்து விழுகிறது. கைநூலில் இருந்தது. நான் வாசித்த பக்கம். வீட்டில் சொல்லாமல் விட்டவன் நான்.

மனைவி: "சாமியே வேண்டாமெண்டு காட்டுதோ?"
சுமதி: "சாமி இல்லையம்மா, கற்பூரம்."

சாத்திரியாரிடம் சனி பின்னேரம் வருவதாகச் சொன்னேன். டொரன்டோவிடம் திரும்பக் கேட்டால்? எரிந்தது அபசகுனம் என்று விலகிவிடுவார்கள். லைன் கட்டாகிவிட்டது என்று சொல்லலாம். எழுதிப் பார்த்தேன், மூன்று விதமாக. மூன்றும் பொய் என்று எனக்கே தெரிகிறது, அவர்களுக்குத் தெரியாதா.

சனி

மழை இல்லை. காலை 7.05க்கு டொரன்டோவுக்குப் போன் எடுத்தேன். தகப்பனோடு பேச ஆயத்தமாயிருந்தேன், அங்கே எடுத்தது மாப்பிள்ளை. எழுதிய தாள் எந்தச் சட்டைப்பையில்? உண்மையைச் சொல்லிவிட்டேன். மஞ்சள், கற்பூரம், தட்டு, எல்லாம்.

மாப்பிள்ளை: "அப்ப பன்னிரண்டு கட்டத்திலையும் சனிதான் இருக்கிறார், என்ன அங்கிள்?" வாய்விட்டுச் சிரிக்கிறார். நானும்.

"போனை வையுங்கோ, நான் எடுக்கிறன். கதைச்ச கையோட ரெண்டு பக்கமும் ஸ்டார்ட் அமத்தினால் இதே லைனில வந்திடும். இந்த முறை போட்டோக்கொப்பி எடுத்திட்டுப் பூசைக்கு வையுங்கோ."

மணி அடித்தது. என் விரலை நம்பமுடியாமல் ரிசீவரைச் சுமதியிடம் கொடுத்தேன். "அவர் சொல்லேக்க அமத்து பிள்ளை."

"ஹலோ... ஓம், சுமதிதான்... இல்லை இல்லை, எரிச்சது அம்மா." சிரிப்பு. "அங்க இப்ப எத்தினை மணி?"

7.40. தாள் வரவில்லை. மனைவி கதவோரம் நின்று கையால் கேட்கிறாள்: எங்கே? சாத்திரியார் நாலு மணிக்கு.

8.05. சுமதி கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டாள்; ரிசீவர் இன்னும் காதில்.