பெட்டி கேட்கும் தேதி

ஜனவரி 22

காலை ஒன்பதரைக்குக் கம்ப்யூட்டர் பெட்டியைப் போட்டேன். கறுப்புத் திரையில் அதே கேள்வி: இன்று என்ன தேதி? உள்ளே கடிகாரத்துக்கான பேட்டரி செத்து வருஷக்கணக்காகிறது. தினமும் அது 1980 ஜனவரி ஒன்றாம் தேதியில்தான் கண்விழிக்கும். சரியான தேதியை நான்தான் தட்டிக் கொடுக்க வேண்டும்.

இதை எனக்கு விற்ற பழைய கம்ப்யூட்டர் கடைக்காரர் போனில் மறுபடியும் சொன்னார்: "பொட்டு சைஸ்ல ஒரு பேட்டரி மேடம். அஞ்சு நிமிஷ வேலை."

"நாளும் கிழமையும் எனக்குத் தெரியும்" என்றேன். என் கணவர் இருந்தவரை என்னை 'நாள்காட்டி' என்றுதான் கூப்பிடுவார். யாருக்கு என்றைக்குப் பல் பிடுங்கினார்கள் என்பதுவரை சொல்வேன்.

ஜனவரி 27

'க' முடிந்தது. பறவைகளைப் பற்றிய எண்ணூறு பக்கப் புத்தகம். கடைசியில் வரும் சொல்லடைவு என் வேலை. எந்தப் பறவை எந்தப் பக்கத்தில். பிப்ரவரி 28-க்குள் கொடுக்க வேண்டும். காக்கைக்கு மட்டும் அறுபத்து மூன்று இடங்கள். புத்தகத்திலும் எங்கும் நுழைகிறது.

மகள் போன் செய்தாள். "இன்னும் அந்த டாஸ் டப்பாவா? நல்ல லேப்டாப் வாங்கித் தர்றேம்மா."

வேண்டாம். அதெல்லாம் நான் சரியாக எழுதியதையும் திருத்துகிறது. பெட்டியை ஓட்டும் இந்தப் பழைய டாஸ் அப்படியில்லை. கட்டளையைத் தட்டினால் செய்யும். இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்கும்.

"அப்ப இங்க வந்து எங்களோட இரு. தனியா எத்தனை நாள்..."

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 3

'ப' முடிந்தது. கண் எரிகிறது. மாலையில் வழக்கம்போல இரண்டாவது பெட்டிக்கு நகல். அதுவும் அதே கடையில் வாங்கியது. ஒன்று போனால் ஒன்று. நடுவில் ஒரு கேபிள், ஒரே கட்டளை: தேதியைப் பார், அங்கே இருப்பதைவிடப் புதியதை மட்டும் எழுது. மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

ஜனவரி 4

அசதி. 'ம' தொடங்கினேன். மரங்கொத்தி.

ஜனவரி 9

பதிப்பாளர் போன். "இன்னும் மூணு வாரம்கூட இல்லம்மா, முடிஞ்சிருமா?"

"முழுசா ஏழு வாரம் இருக்கு. எண்ணத் தெரியாதவங்கல்லாம் புத்தகம் போட வந்துட்டீங்க" என்றேன்.

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம். பிறகு "சரிங்கம்மா" என்றார். அந்தச் 'சரிங்கம்மா' எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 13

'வ'. வல்லூறு, வாலாட்டி. முதுகு விட்டுப்போகிறது.

ஜனவரி 14

பெட்டி போய்விட்டது. கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பரவாயில்லை என்று இரண்டாவதைத் திறந்தால் — 'ப' வரைதான் இருக்கிறது. 'ம' இல்லை. 'ய' இல்லை. 'வ' இல்லை. பத்து நாள் வேலை! தினமும் நகல் எடுத்தேனே. எடுத்தேன். எனக்குத் தெரியாதா?

நேரே கடைக்குப் போனேன். நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நிற்கட்டும். "குப்பையைத் தூக்கி என் தலையில கட்டிட்டு வாய் கூசாம மேடம் மேடம்ங்கிறியே, ஏமாத்துக்காரா!"

கடைக்காரர் முகம் சுண்டிப்போனது. "ரெண்டு பெட்டியையும் எடுத்துக்கிறேன் மேடம். பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அவ்வளவுதான்.

பிப்ரவரி 17

இந்தத் தேதியைச் செய்தித்தாளைப் பார்த்து எழுதினேன்.

கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். செத்த டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுப் புது டிஸ்க்கில் ஏற்றிவிட்டார். ஒரு சொல்கூடப் போகவில்லை. கூடவே ஒரு தாள்: என் கோப்புகளும் அவற்றின் தேதிகளும். மேஜைமேல் வைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் தனியாகப் படிக்கட்டும் என்றுதான் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

'ப' — பிப்ரவரி 3. அதற்குப் பிறகு எழுதிய 'ம' — ஜனவரி 9. 'வ' — ஜனவரி 14.

மாதம் பிறந்து மூன்று நாள் சரியாகச் சொல்லியிருக்கிறேன். நாலாம் நாள் பழைய மாதத்துக்கே திரும்பிவிட்டேன். புதிய வேலை பழைய தேதியில். பெட்டி என் பேச்சை நம்பி, ஒவ்வொரு மாலையும் அதை நகலெடுக்காமல் விட்டிருக்கிறது.

"மிஷின் சரியாத்தான் செஞ்சிருக்கு மேடம்" என்றார். பிறகு அவசரமாக, "எனக்கும் இப்படி ஆகும். பொண்ணோட லீவு லெட்டர்ல போன வருஷத்தைப் போட்டு அனுப்பியிருக்கேன்."

"ஒரு நாளா, பத்து நாளா?"

அவர் தண்ணீரைக் குடித்தார்.

அவர் போனபின் இந்த நோட்டைப் புரட்டினேன். இங்கேயும்தான். ஜனவரி 4, 9, 13, 14. மேலே, அடிக்கோடிட்டு, கான்வென்ட்டில் மதர் கற்றுக்கொடுத்தபடி அழகாக. திருத்தப் பேனாவை எடுத்தேன். மூடி வைத்துவிட்டேன். கிடக்கட்டும்.

பிப்ரவரி 18

ஒன்றும் செய்யவில்லை.

பிப்ரவரி 19

கடை வாசலில் ஆள் சேரும்வரை காத்திருந்தேன். நாலு பேர் முன்னால் வைததற்குத் தனியாக மன்னிப்புக் கேட்பது கோழைத்தனம்.

"தப்பு என்னோடது. உங்களை நீ, வான்னு பேசினது அதைவிடத் தப்பு."

அவர் நெளிந்தார். "விடுங்க மேடம்."

"விடமாட்டேன். அந்தப் பேட்டரியைப் போடுங்க. ரெண்டுலயும்."

பதிப்பாளருக்கும் போன் செய்தேன். எண்ணத் தெரியாதது எனக்குத்தான் என்றேன். சொல்லடைவை வேறொருவர் சரிபார்க்கட்டும் என்றும் சொன்னேன். முப்பது வருஷத்தில் இப்படிச் சொன்னதில்லை.

பிப்ரவரி 21

பெட்டி இன்று ஒன்றும் கேட்கவில்லை. அதுவே தேதியைக் காட்டியது. கை மட்டும் பழக்கத்தில் விசைமேல் போய் நின்றது.

பிப்ரவரி 27

அனுப்பியாயிற்று. சரிபார்த்தவர் கண்டுபிடித்தது இரண்டு பிழை. இரண்டும் பிழைதான்.

மகளுக்கு நானே போன் செய்தேன். இரண்டு பெட்டிகளை வைக்கிற அளவுக்கு உன் வீட்டில் மேஜை இருக்கிறதா என்று கேட்டேன். அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாயா என்று நான் கேட்கவில்லை.

"எப்பம்மா வர்றே? தேதி சொல்லு."

"நீ சொல்லு" என்றேன்.

சொன்னாள். எழுதிக்கொண்டேன்.