சோளம் மூச்சுவிட்ட குழி

இன்று காலை முத்தாபுதுப்பேட்டைத் தீவனக் கடையில், மழையில் நனைந்த சோள மூட்டை ஒன்றைப் பிரித்தார்கள். புளித்த வாடையோடு ஒரு வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது. வாங்கப் போனதை வாங்காமல் திரும்பிவிட்டேன்.

நசரத்பேட்டை மாட்டுத்தீவன ஆலையில் நாம் இருவரும் பதினோரு வருடம் மூட்டை சுமந்தோம். நான் எட்டாவதோடு நின்றவன். பழைய பள்ளி அறிவியல் புத்தகம் ஒன்றைச் சாப்பாட்டு வேளையில் படிப்பேன். அதிலிருந்த சுவாசச் சமன்பாட்டை ஒருநாள் ஆலைச் சுவரில் சாக்கட்டியால் எழுதினேன். குளுக்கோஸ் ஒன்று, ஆக்சிஜன் ஆறு. அவை கார்பன் டை ஆக்சைடு ஆறாகவும் தண்ணீர் ஆறாகவும் மாறும், கூடவே ஆற்றல் வரும். ஈரச் சோளத்துக்கும் அதில் பூக்கும் பூஞ்சைக்கும் இதே கணக்குதான், மூடிவைத்தால் உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும் என்றேன்.

"இன்னா வாத்தியாரே, சோளம் மூச்சு வுடுதா? மூக்கு எங்க கீது, காட்டு பாப்போம்!" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நீ குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு, "சூடாத்தான் கீது. ஜொரம் போல, மாத்திரை குடு" என்றாய். மறுபடியும் சிரிப்பு. இனி இவர்களிடம் வாயைத் திறப்பதில்லை என்று முடிவுசெய்தேன்.

அந்தத் தீபாவளிக்கு ஆலை நான்கு நாள் மூடியிருந்தது. சோளம் கொட்டும் குழிக்குள் மழைநீர் கசிந்திருந்தது. ஆலை திறந்ததும் அடியில் நனைந்து கிடந்த சோளத்தை அள்ளப் போனவன் நீ. இறங்குமுன் குனிந்து மோந்து பார்ப்பது நம் ஆலை வழக்கம். சாக்கடை நாற்றம் இல்லையென்றால் இறங்கலாம். கார்பன் டை ஆக்சைடுக்கு ஏது நாற்றம்? "சோள வாசனதான்" என்று இறங்கினாய். அடியில் காலை வைத்ததும் உட்கார்ந்தாய், பிறகு சாய்ந்தாய். உன் பின்னால் இறங்கப் போனவனைச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மின்விசிறி வைத்துக் காற்றை ஊதி, கயிறு கட்டி உன்னைத் தூக்கியபோது உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

மாரடைப்பு என்று ஆலை எழுதியது.

"சாட்சிக் கையெழுத்து போட்டுட்டுப் போ பெரியவரே. எட்டாங்கிளாசுக்கு இன்னா தெரியும்?" என்றார் மேற்பார்வையாளர். நான் போடவில்லை. அதே காகிதத்தின் அடியில் சமன்பாட்டை எழுதிக் கொடுத்தேன். வேலை போயிற்று.

ஏழு வருடமாகத் தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுதுகிறேன். முடிந்துபோன விஷயம் என்கிறார்கள். உன் மனைவியே, "வுட்டுடுண்ணா, அவரு போய்ட்டாரு" என்றாள். விடமாட்டேன். தோளில் மூட்டையோடு லாரிப் பலகையில் ஓடி ஏறியவன் நீ. உன் நெஞ்சு உன்னைக் கொல்லவில்லை.

ஆனால் எல்லா மனுவிலும் ஒன்றை விட்டுவிட்டேன். குழியின் மூடியை நீ தூக்கியபோது நான் பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன். உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். 'இறங்காதே' என்ற சொல் வாய் வரை வந்தது. மறுபடியும் சிரிப்பாய் என்று விழுங்கினேன்.

அடுத்த மனுவில் அதுதான் முதல் வரி.