சைபர் அழுத்தினால் முடியும்

10-10-97, வெள்ளி

காலையிலிருந்து தூறல். ஆயுத பூஜை. அரிவாள்மணை, கத்தி, தையல் மிஷின் எல்லாம் துடைத்துப் பொட்டு. என்னோடு இருக்கும் தம்பி மகள் சுமதி கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம், சாமந்தி வைத்தேன். பூஜையில் வைத்த ஆயுதம் அன்றைக்கு வேலை செய்யலாமா? இது மட்டும் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கற்பூரம் காட்டினேன்.

வந்தவள் அலறினாள். "இன்னா அத்த பண்ண? நேத்துலேர்ந்து கணக்கு ஓடிக்கினு இருந்துச்சே!"

"ஒரு நாளு ரெஸ்ட் எடுக்கட்டும்மா."

"முடியறதுக்கு முன்னாடி நிறுத்தினா ஃபைல்ல ஒண்ணும் இருக்காது!"

திறந்து காட்டினாள். காலி. திங்கட்கிழமை பெங்களூரில் இன்டர்வியூ. அந்தக் கணக்கைக் காட்டினால்தான் வேலையாம்.

சாப்பிடாமல் படுத்துவிட்டாள். 

11-10-97, சனி

புரட்டாசிச் சனி. தளிகை போட்டேன். தெருவெல்லாம் மலைக்குப் போகிற கோவிந்தா கூட்டம். சுமதி முதலிலிருந்து மறுபடி ஓட விட்டிருக்கிறாள். இன்னும் பேசவில்லை.

வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, "ஏமம்மா, பாப்பா மாட்லாடலேதா?" என்றாள், பாப்பா பேசவில்லையா என்று. நான் சும்மா இருப்பேனா, எல்லாம் சொல்லித் தீர்த்தேன். சிரிக்கிறாள் அவள்.

பெருமாளே, கரண்ட் போகக் கூடாது. போகாவிட்டால் அங்கப்பிரதட்சணம்.

வேலை கிடைத்தால் இவளும் போய்விடுவாள். அதையும் நானே வேண்டிக்கொள்கிறேன்.

12-10-97, ஞாயிறு

முடிந்தது! தானாகவே நின்றது. ஃபைல் நிறைய எண்.

"வா அத்த, எப்பிடி முடிக்கணும்னு காட்டறேன்." வெள்ளிக்குப் பிறகு இன்றுதான் அத்தை என்கிறாள்.

புரோகிராமின் கடைசியில் 'ரிட்டர்ன் சைபர்' என்று ஒரு வரி. கோளாறில்லாமல் முடிந்தது என்று தன்னை ஓட விட்டவருக்குச் சொல்வதாம். நடுவில் நிறுத்தவேண்டியிருந்தால் 'எக்ஸிட்'. "ரெண்டுமே கையில வெச்சிருக்கறத ஃபைல்ல எறக்கி வெச்சிட்டுத்தான் போகும். கரண்ட்ட நிறுத்தினா கையோட போயிடும்."

"விளக்க வாயால ஊதக் கூடாது, பூவால குளிர வெக்கணும். அந்த மாதிரியா?"

"ஆங், அதேதான்."

"அப்ப நான் பண்ணது?"

"நீ பண்ணது கொல, அத்த!" சிரித்துவிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர்.

பழகிக்கொள்ள எனக்கென்று ஒரு குட்டிப் புரோகிராம் எழுதி வைத்தாள். ஒழுங்காக முடிப்பேன் என்று சத்தியம் வாங்கினாள்.

சாயங்கால பஸ். புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன். குடிபாலாவில் இருக்கும் தம்பிக்குச் சொல்லியாயிற்று.

15-10-97, புதன்

நல்ல மழை. நேற்று வீட்டுக்கார அம்மா போனில் சுமதி. "வேல கெடச்சிடுச்சு அத்த! இங்கயே ரூம் பாத்துக்கினு இருக்கேன். வந்து கம்ப்யூட்டர எடுத்துக்கினு போறேன்." மற்றதெல்லாம் கொரகொர இரைச்சல்.

ஒரு டம்ளர் அரிசி போட்டேன். அதுவே மிச்சம்.

கம்ப்யூட்டரைப் போட்டு அந்தக் குட்டிப் புரோகிராமைத் திறந்தேன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். எழுத்துக்கூட்டிப் படித்தேன்: "துன்னியா அத்த?" சாப்பிட்டேனா என்கிறாள். ஆமென்றால் ஒன்று. போதுமென்றால் சைபர், முடிந்துவிடும்.

ஒன்று. "துன்னியா அத்த?"

ஒன்று. "துன்னியா அத்த?"

மலைப்பக்கம் இடி. கரண்ட் போய்விடும். அதற்குள் சைபர் அழுத்தியாக வேண்டும், சத்தியம் பண்ணியிருக்கிறேன்.

இன்னும் ஒரே ஒரு தடவை கேட்கட்டும்.